செனகல் நாட்டுப் பெண்களும் சமத்துவத்தின் சொற்களும்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பெண் சமத்துவமும் பன்னாட்டு நிறுவனங்களும்' என்னும் பொருளில் பேச வேண்டுமென்று அமைப்பாளர்கள் பணித்தபோது சற்றுத் தயங்கினேன். கவிதை பேசிப் பழகிய அவையில் திட்டங்களையும் நிதியங்களையும் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்பதே அத்தயக்கம். ஆனால் அத்தகைய திட்டம் ஒன்றின் வரலாற்றை ஊன்றிப் படித்தபோது, அது முதலிலிருந்து முடிவுவரை சொல்லைப் பற்றிய வரலாறாகவே எனக்குத் தோன்றியது. யார் சொல்வது, எந்த மொழியில் சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது என்னும் மூன்று வினாக்களில்தான் அத்திட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருந்தன. அவ்வகையில் இது நமக்குரிய பொருளே.

முதலில் நம் மொழியிலிருந்தே தொடங்குகிறேன். 'ஜெண்டர்' என்னும் சொல்லை ஐக்கிய நாடுகள் அவையின் ஆவணங்கள் உலகெங்கும் கொண்டுசென்றன. தமிழகத்தில் நாம் அதைப் பாலினம் என்கிறோம். இலங்கைத் தமிழர் பால்நிலை என்கின்றனர். இரண்டுக்கும் அடி 'பால்' என்னும் சொல். இலக்கணத்தில் அது ஐம்பால். திருக்குறளில் முப்பால், அங்கே அதற்குப் பகுதி, பங்கு என்று பொருள். தொல்காப்பியத்தில் வரும் 'பால்வரை தெய்வம்' என்னும் தொடருக்கு வினைப்பயனை வகுக்கும் தெய்வம் என்று உரை கூறுவர். அங்கே அதன் பொருள் ஊழ். ஒரே சொல்லுக்குள் ஊழும் இருக்கிறது, பங்கும் இருக்கிறது. பெண்ணாய்ப் பிறந்தது ஊழ் என்று அடங்கிப்போவதா, உரிய பங்கைக் கேட்பதா? உலகெங்கும் பெண் சமத்துவத் திட்டங்கள் எழுப்பும் வினாவை நம் மொழி ஒற்றைச் சொல்லில் வைத்திருக்கிறது.

இவ்வினாவை ஒரு நாட்டுப் பெண்கள் தங்கள் வீட்டு முற்றத்தில் எழுப்பிய கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அந்நாடு செனகல்.

கவிஞர் ஆண்ட நாடு

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்கு முனையில் இருக்கிறது செனகல். 1960ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. அதன் முதற் குடியரசுத் தலைவர் லெயோபோல்ட் செங்கோர் ஒரு கவிஞர். கறுப்பினப் பண்பாட்டின் பெருமையை உரத்துச் சொன்ன நெக்ரிட்யூட் இயக்கத்தின் முதல்வர்களில் ஒருவர். 20 ஆண்டுகள் நாட்டை ஆண்டு, 1980இல் தாமே பதவி விலகினார். கவிஞர்களாகிய நாம் பெருமைப்படத்தக்க செய்தி இது.

ஆயினும் இதில் ஒரு முரண் உண்டு. செங்கோர் கவிதை எழுதியது பிரெஞ்சு மொழியில். பள்ளியும் நீதிமன்றமும் அரசாணையும் பிரெஞ்சு மொழியில். மக்களோ வொலோஃப், ஃபுலானி, செரேர், மண்டிங்கா, பம்பாரா முதலிய மொழிகளைப் பேசுகின்றவர்கள். பள்ளிக்குப் போகாத சிற்றூர்ப் பெண்ணுக்குத் தன் நாட்டுச் சட்டமும் அயல்மொழி, தன் நாட்டுத் தலைவரின் கவிதையும் அயல்மொழி. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க ஐ.நா. அவை 1979இல் நிறைவேற்றிய உடன்படிக்கையைச் செனகல் 1985இல் ஏற்றது. அதில் ஒரு வரியேனும் அப்பெண்ணின் காதுக்கு எட்ட வழி இருந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு வசைச்சொல்லின் வலிமை

செனகலில் சில இனத்தாரிடையே தொன்றுதொட்டு ஒரு வழக்கம் நிலவிவருகிறது. சிறுமியரின் பிறப்புறுப்பின் பகுதியை அறுத்து நீக்கும் வழக்கம் அது. அவையில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அக்கூச்சமும் நம் கதையின் ஒரு பகுதி என்பதால் பொறுத்தருள வேண்டுகிறேன். இதனால் குருதிப்போக்கும் நோய்த்தொற்றும் மகப்பேற்றில் இடரும் விளைகின்றன. உலகில் இன்று வாழும் பெண்களுள் இதற்கு ஆளானவர்கள் 23 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்று யுனிசெஃப் நிறுவனம் 2024இல் கணக்கிட்டது.

சமயமே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுவர். செனகல் மக்களில் மிகப் பெரும்பான்மையோர் இசுலாமியர். அவர்களுள் தொகையால் மிகுந்த வொலோஃப் இனத்தாரிடம் இவ்வழக்கம் மரபாக இல்லை. பம்பாரா, மண்டிங்கா, ஃபுலானி முதலிய இனத்தாரிடம் உண்டு. ஆகவே சமயத்தைக் காட்டி இதை விளக்கிவிட முடியாது.

பின் எது இதைத் தாங்கி நிற்கிறது? ஒரு சொல். அறுக்கப்படாத பெண்ணை மண்டிங்கா, பம்பாரா மக்கள் 'பிலகோரோ' என்பர். அது கடுமையான வசை. அவள் தூய்மையற்றவள், அவள் சமைத்ததை உண்ணத் தயங்குவர், அவள் முகந்த நீரை ஏற்க மறுப்பர், அவளுக்கு மணமகன் கிடைப்பது அரிது. மகளைக் கத்திக்கு ஒப்புக்கொடுக்கும் தாய் கொடியவள் அல்லள். அந்த ஒரு சொல் தன் மகள்மீது விழக்கூடாது என்று அஞ்சுகிறவள். இதனை உணர்வது நமக்குக் கடினமன்று. 'வாழாவெட்டி' என்று நம் ஊரிலும் ஒரு சொல் இருக்கிறது. அதற்கு ஆண்பால் இல்லை. அச்சொல்லுக்கு அஞ்சி எத்தனை தாய்மார் எத்தனை மகள்களை எந்தெந்த வீடுகளுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம்.

வெளியிலிருந்து வந்த குரல்

எழுபதுகளில் இவ்வழக்கத்தைப் பற்றி மேலைநாட்டார் உரத்துப் பேசினர். அவர்களது நோக்கம் நல்லது. குரல்தான் நல்லதாக இல்லை. ஆப்பிரிக்கத் தாய்மாரைக் காட்டுமிராண்டிகளாகச் சித்திரித்த எழுத்துகள் மிகுந்தன. 1980இல் கோபன்ஹேகனில் ஐ.நா. மகளிர் மாநாட்டை ஒட்டி நடந்த கூட்டங்களில் ஆப்பிரிக்கப் பெண்கள் எழுந்து மறுப்புத் தெரிவித்தனர். வழக்கத்தை அவர்கள் ஆதரிக்கவில்லை. தங்களைப் பற்றித் தங்களை விலக்கிவிட்டுப் பேசுவதையே மறுத்தனர். செனகலின் தலைநகரான டக்காரில் தோன்றிய ஆப்பிரிக்கப் பெண் ஆய்வாளர் சங்கமும் இக்கருத்தை வலியுறுத்தியது.

அதற்குச் சற்று முன்பே, 1978இல், செனகல் நாட்டு எழுத்தாளர் ஆவா தியாம் ஒரு நூலை வெளியிட்டிருந்தார். மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கள் உடலுக்கும் மணவாழ்வுக்கும் நேர்ந்ததைத் தாங்களே சொல்லும் வாக்குமூலங்கள் அடங்கிய நூல் அது. கறுப்பினப் பெண்களுக்குப் பேச்சு உரியதாகட்டும் என்பதே பிரெஞ்சு மொழியில் அதன் தலைப்பின் பொருள். யார் சொல்வது என்னும் நம் முதல் வினாவுக்கு அத்தலைப்பே விடை.

முற்றத்தில் நடந்த வகுப்பு

1974இல் மோலி மெல்ச்சிங் என்னும் அமெரிக்க மாணவி படிப்பதற்காக டக்கார் வந்தார். வொலோஃப் கற்றார். நாட்டுக் கதைகளையும் பாடல்களையும் கொண்டு வொலோஃப் மொழியிலேயே சிறுவர்களுக்குக் கற்பித்தார். 1982இல் ஒரு சிற்றூருக்குச் சென்று அங்கேயே தங்கினார். அவ்வூராருடன் உழைத்து உருவாக்கிய கல்விமுறைக்கென 1991இல் ஓர் அமைப்பை நிறுவினார். அதன் பெயர் தொஸ்தான். வொலோஃப் மொழியில் அதற்கு முட்டையோட்டை உடைத்துக் குஞ்சு வெளிவருதல் என்று பொருள். அப்பெயரைச் சொல்லித்தந்தவர் செனகலின் பேரறிஞர் ஷேக் அந்தா தியோப். ஓட்டை வெளியிலிருந்து உடைத்தால் குஞ்சு சாகும்; உள்ளிருந்து அதுவே உடைத்தால் உயிர். அப்பெயரில் அவ்வமைப்பின் கொள்கையை நான் இவ்வாறு படிக்கிறேன்.

இத்திட்டத்தின் பகுதிகளுக்கு இட்ட பெயர்களும் உழவர் பேச்சிலிருந்து வந்தவை. முதற்பகுதி 'கோபி', மண்டிங்கா மொழியில் விதைப்புக்கு நிலத்தைப் பண்படுத்துவது. அடுத்த பகுதி 'ஆவ்தே'. ஃபுலானி மொழியில் விதையை ஊன்றுவது. கோபியில் உரிமை, உடல்நலம், சிக்கல் தீர்க்கும் வழி ஆகியவற்றை வாய்மொழியாகவும் பாட்டாகவும் நாடகமாகவும் பேசுவர். எழுத்தும் கணக்கும் ஆவ்தேயில் வரும். கற்பிப்பவர் ஊரிலேயே தங்கி, ஊர் மொழியில் நடத்துவார். முழுத் திட்டமும் முடிய ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஆகும்.

இங்கேதான் பன்னாட்டு நிறுவனங்கள் வருகின்றன. தொடக்க ஆண்டுகளிலிருந்தே யுனிசெஃப் துணை நின்றது. பின்னர் அமெரிக்க, ஐரோப்பிய உதவி நிறுவனங்களும் வந்து சேர்ந்தன. அவர்கள் பணம் தந்தார்கள் என்பது பெரிதன்று. பணம் தருவோர் பலர். எழுத்தறிவே இல்லாத ஊரில் எழுத்தைத் தள்ளிவைத்துவிட்டு உரிமையைப் பற்றிப் பேச மாதக்கணக்கில் காலம் கொடுத்தார்கள் என்பதையே நான் பாராட்டுவேன். உடனே எண்ணிக்கை காட்டு என்று நச்சரிக்கும் உலகில் காலத்தைக் கொடையாகத் தருவது அரிது.

மாலிக்குண்டாவும் ஒரு முதியவரின் நடைப்பயணமும்

கடலோர நகரான ம்பூருக்கு அருகில் மாலிக்குண்டா பம்பாரா என்றோர் ஊர். அங்கு வகுப்பில் பெண்ணின் உடல்நலம் பற்றிய பாடம் வந்தபோது பெண்கள் வாய் திறக்கவில்லை. அப்பொருளைப் பேசுவதே விலக்கு. பாடத்தை விட்டுவிடாமல் மீண்டும் மீண்டும் அமர்ந்தபோது ஒருத்தி பேசினாள். பின் மற்றவர்கள் பேசினார்கள். தங்களுக்கு நேர்ந்த குருதிப்போக்கை, மகப்பேற்று வேதனையை, இழந்த குழந்தைகளை ஒருவருக்கொருவர் முதன்முறையாகச் சொல்லிக்கொண்டனர். அதுவரை ஒவ்வொருத்தியும் அதைத் தன் ஊழ் என்று எண்ணியிருந்தாள். எல்லார் கதையும் ஒன்றே என்று தெரிந்த அன்று அது ஊழாக இருக்கவில்லை. நாடகமாக நடித்தார்கள், கணவன்மாருடனும் ஊர்ப் பெரியோருடனும் பேசினார்கள். 1997 சூலை 31ஆம் நாள், அழைத்து வரப்பட்ட செய்தியாளர் முன்னிலையில், இனி எங்கள் மகள்களை அறுக்கமாட்டோம் என்று அறிவித்தார்கள்.

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் அது ஓர் ஊரின் வீரக்கதையாக நின்றிருக்கும். ஆனால் மறுநாளே வசை வந்தது. மரபைக் கெடுத்தவர்கள், வீட்டுச் செய்தியை வெளியில் சொன்னவர்கள் என்று அண்டை ஊரார் தூற்றினர்.

அப்பொழுது கேர் சிம்பாரா என்னும் ஊரின் பெரியவர் தெம்பா ஜவாரா முன்வந்தார். அவர் ஓர் இமாமும்கூட. முதலில் அவருக்கும் உடன்பாடில்லை. தம் குடும்பத்துப் பெண்களிடம் கேட்டார், மருத்துவரிடமும் சமய அறிஞரிடமும் கேட்டார், மனம் மாறினார். மாறியபின் அவர் சொன்ன கருத்துத்தான் இவ்வரலாற்றின் திருப்பம். ஓர் ஊர் தனியே இதைக் கைவிட முடியாது. எங்கள் மகள்கள் வேற்றூர்களில் வாழ்க்கைப்படுகிறார்கள். வேற்றூர்ப் பெண்கள் எங்கள் மருமகள்களாக வருகிறார்கள். கொள்வினை கொடுப்பினை உள்ள ஊர்கள் எல்லாம் கூடி முடிவெடுத்தாலன்றி எந்தத் தாய்க்கும் துணிவு வராது என்பதே அது. சொன்னதோடு நில்லாமல் புறப்பட்டார். உறவுள்ள ஊர்கள்தோறும் மாதக்கணக்கில் நடந்தார். போன இடத்தில் கட்டளையிடவில்லை; உறவு கூறி அமர்ந்து, நலம் கேட்டு, பின்பே பேசினார். 1998 பிப்ரவரியில் ஜாபுகு என்னும் ஊரில் 13 ஊர்கள் ஒன்றுகூடி அறிவித்தன.

இதே உண்மையை ஏட்டிலிருந்து கண்டறிந்த ஒருவரும் உண்டு. ஜெரி மேக்கி என்னும் அமெரிக்க அறிஞர், சீனத்தில் பெண்களின் பாதத்தைக் கட்டிச் சிறுப்பிக்கும் வழக்கம் எவ்வாறு ஒழிந்தது என்று ஆராய்ந்து 1996இல் எழுதினார். நம் ஊரில் ஆணுக்கு மணம் முடிப்பதைக் கால்கட்டுப் போடுவது என்போம். சீனத்தில் மணத்துக்காகப் பெண்ணுக்கு உண்மையாகவே காலைக் கட்டினார்கள். நூற்றாண்டுகள் நின்ற அவ்வழக்கம் ஒரு தலைமுறைக்குள் சரிந்தது. மகளின் காலைக் கட்டமாட்டோம், கால் கட்டிய பெண்ணை மகனுக்குக் கொள்ளவும் மாட்டோம் என்று குடும்பங்கள் கூடி உறுதி செய்த சங்கங்களே அதற்கு வழிவகுத்தன. நூலகத்தில் இருந்து அறிஞர் கண்டதை, மண் பாதையில் நடந்து முதியவர் கண்டார். இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டார்கள்.

ஒரே செயலுக்கு இரு சொற்கள்

மாலிக்குண்டா அறிவித்த அதே 1997ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், ஐ.நா. மக்கள்தொகை நிதியம் ஆகிய மூன்றும் இவ்வழக்கத்துக்கு எதிராகக் கூட்டறிக்கை வெளியிட்டன. 2008இல் புதிய கூட்டறிக்கை வந்தபோது கையொப்பமிட்ட ஐ.நா. நிறுவனங்கள் 10. அவ்வாண்டே யுனிசெஃபும் மக்கள்தொகை நிதியமும் இணைந்து கூட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. செனகலும் அதில் ஒரு நாடு. தனித்தனி ஊர்களால் இயலாததைக் கூடிய ஊர்கள் சாதித்தன என்று கண்டோம். நிறுவனங்களுக்கும் அப்பாடம் பொருந்தும்.

ஆனால் கூடியவர்களுக்குள் ஒரு சொல்லைப் பற்றி வழக்கு எழுந்தது. கவிஞர்கள் ஊன்றிக் கேட்க வேண்டிய இடம் இது. இதற்கு என்ன பெயர்? தமிழில் சிலர் 'பெண் விருத்தசேதனம்' என்று எழுதுகின்றனர். அது விவிலியத்தின் வழி நாம் அறிந்த, ஆண்மக்களுக்குரிய சடங்கின் பெயர்; கொடுமையை மூடி மறைக்கிறது. 'பெண்ணுறுப்புச் சிதைப்பு' என்றால் உண்மை வெளிப்படுகிறது. இவ்வன்சொல்லைத்தான் பல ஆப்பிரிக்க நாட்டுப் பெண்கள் கூடி 1984இல் டக்காரில் அமைத்த குழு 1990இல் தேர்ந்துகொண்டது. ஐ.நா. நிறுவனங்களும் அதை ஏற்றன. 2005இல் பமாக்கோ நகரில் கூடியபோதும் அச்சொல்லை மென்மைப்படுத்தக்கூடாது என்று அக்குழு உறுதியாகச் சொன்னது.

தொஸ்தானோ அச்சொல்லை ஊருக்குள் கொண்டுசெல்ல மறுத்தது. மகளைச் சிதைத்தவளே என்று ஒரு தாயை அழைத்துவிட்டு அவளோடு எப்படிப் பேச்சைத் தொடங்குவது? ஊரார் அதை 'மரபு' என்றே குறித்தனர். தொஸ்தானும் அவ்வாறே தொடங்கியது. எழுத்தில் 'வெட்டு' என்னும் நடுநிலைச் சொல்லை வைத்தது. யுனிசெஃபும் மக்கள்தொகை நிதியமும் சில காலம் 'சிதைப்பு/வெட்டு' என்று இரண்டையும் சாய்கோடிட்டு எழுதின.

அந்தச் சாய்கோட்டைப் பார்த்து அலுவலக வழவழப்பு என்று நகைக்கலாம். நான் நகைக்கமாட்டேன். நம் முன்னோர் வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மொழியை வகுத்தனர். சட்டமன்றத்தில், மருத்துவ ஏட்டில், உலக அரங்கில் 'சிதைப்பு' என்று சொல்லத்தான் வேண்டும், அது புறச்சொல். தாயின் முற்றத்தில் அமர்ந்து பேசும்போது அவள் அஞ்சாத சொல் வேண்டும், அது அகச்சொல். புறச்சொல் மட்டும் அறிந்தவன் கதவைத் தட்டியே கழிவான். அகச்சொல் மட்டும் அறிந்தவன் வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுவான். இரண்டுக்கும் இடங்கொடுத்த காலத்தில்தான் அந்நிறுவனங்கள் தம் கடமையைச் செம்மையாகச் செய்தன என்பது என் துணிபு.

இன்னொரு சொல்மாற்றமும் குறிப்பிடத்தக்கது. தொடக்கத்தில் பெண்ணுரிமை என்ற பெயரிலேயே பாடம் நடந்தது. ஆண்கள் விலகி நின்று முணுமுணுத்தனர். பின்னர் அதை மனித உரிமை என்று விரித்து ஆண்களையும் அமர வைத்தனர். தன் உரிமையைப் பற்றியும் கேட்ட ஆண், மனைவியின் உரிமையைப் பற்றிக் கேட்கவும் காது கொடுத்தான்.

கணக்கும் உண்மையும்

இனி குறைகளையும் சொல்லியாக வேண்டும். 1997 நவம்பரில் குடியரசுத் தலைவர் அப்து தியூஃப், மாலிக்குண்டாவைப் பின்பற்றுமாறு நாட்டை அழைத்தார். 1999 சனவரியில் சட்டம் வந்தது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. அறிவிப்புச் செய்த ஊர்கள் நூறாயின, ஆயிரமாயின. அண்டை நாடுகளையும் சேர்த்து இன்று 8,000த்துக்கும் மேல் என்று தொஸ்தான் கூறுகிறது.

ஆனால் நாடு தழுவிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் இதற்கு ஆளானோர் 2005ஆம் ஆண்டு ஆய்வில் 28 விழுக்காடு; 2019ஆம் ஆண்டு ஆய்வில் சுமார் 25 விழுக்காடு. 14 ஆண்டுகளில் இறங்கியது ஏறக்குறைய 3 விழுக்காடுதான். சிறுவயதில் நேர்ந்ததை இவ்வெண் பல்லாண்டு சுமந்துகொண்டே வரும் என்பது உண்மை. என்றாலும் ஆயிரக்கணக்கான அறிவிப்புகளின் ஆரவாரத்தோடு இதை ஒப்பிட்டால் மனம் கனக்கிறது. 2008இல் வெளிவந்த, யுனிசெஃப் செய்வித்த மதிப்பீடும் இதையே உணர்த்தியது. அறிவித்த ஊர்களில் வழக்கம் குறைந்திருந்தது, முற்றாக மறையவில்லை.

காரணத்தை நான் இவ்வாறு காண்கிறேன். மாலிக்குண்டாவில் அறிவிப்பு என்பது நெடும் பேச்சின் இறுதிச் சொல். பின்னர் அது திட்டத்தின் இலக்காயிற்று. நிதி தருவோருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்; முற்றத்தில் நடந்த பேச்சை எண்ண முடியாது, அறிவிப்பு விழாக்களை எண்ணலாம். பந்தலும் பதாகையும் நிழற்படமும் வந்தபின், சில ஊர்களிலேனும் மனம் மாறுவதற்கு முன்பே வாய் அறிவித்திருக்கும். முன்னோடிகளுக்குக் காலத்தைக் கொடுத்த அதே நிறுவனங்கள், பின்வந்தோருக்குக் கால அட்டவணையைக் கொடுத்தன.

பெற்றது நிலைக்கும் என்றும் சொல்வதற்கில்லை. செனகல் மூன்று பக்கமும் சூழ நடுவே கிடக்கும் சிறு நாடு காம்பியா. 2015இல் அது இயற்றிய தடைச்சட்டத்தை நீக்க 2024இல் ஒரு மசோதா வந்தது. அவ்வாண்டு சூலையில் நாடாளுமன்றம் அதைத் தள்ளியது. ஆனால் அது வர முடிந்தது என்பதே எச்சரிக்கை. 2025இல் அமெரிக்க அரசு தன் பன்னாட்டு உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. செனகலிலும் பல திட்டங்களுக்குத் துணை நின்ற நிறுவனம் அது. கொடுப்பவர் கை எந்நாளும் மடங்கலாம். ஊரார் தம் மொழியில் தாமே கண்டடைந்த சொல்லை எவரும் திரும்பப் பெற முடியாது. அதனால்தான் அச்சொல்லில் முதலீடு செய்த நிறுவனங்கள் அறிவுடையவை என்கிறேன்.

2010இல் செனகல், தேர்தல் பட்டியல்களில் ஆணும் பெண்ணும் சம அளவில் இடம்பெற வேண்டுமென்று சட்டம் செய்தது. 2012இல் நாடாளுமன்றத்தின் 150 இடங்களில் 64 இடங்களைப் பெண்கள் பெற்றனர். முற்றத்துப் பேச்சு ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. பேசப் பழகியோர் பெருகிய நாட்டில் பேரவையிலும் அவர்கள் அமர்ந்தார்கள் என்பதைக் குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

சொல்லைத் திரும்பப் பெறாதவள்

உஸ்மான் செம்பேன் என்னும் செனகல் நாட்டு நாவலாசிரியர், பிரெஞ்சு மொழியில் எழுதிப் புகழ்பெற்றபின் திரைப்படத்துக்கு வந்தார். தம் மக்களால் தம் நூல்களைப் படிக்க முடியாது என்று உணர்ந்ததே காரணம். அவர் 2004இல் எடுத்த இறுதிப் படம் 'மூலாதே'. அறுப்புக்கு அஞ்சி ஓடிவந்த நான்கு சிறுமியருக்கு ஒரு பெண் அடைக்கலம் தருகிறாள். வாசலில் ஒரு கயிற்றைக் கட்டி அடைக்கலச் சொல்லைச் சொல்லிவிடுகிறாள். அச்சொல்லைச் சொன்னவளே திரும்பப் பெற்றாலன்றி எவரும் அக்கயிற்றைத் தாண்டக்கூடாது என்பது ஊர் மரபு. ஊர்நடுவில் நிறுத்திக் கணவனையே சாட்டையால் அடிக்கச் செய்கிறார்கள். அவள் அச்சொல்லைத் திரும்பப் பெறவில்லை. பெண்கள் கேட்கும் வானொலிப் பெட்டிகளைக் குவித்துத் தீயிடுகிறார்கள் ஆண்கள். அச்சொல்லை மட்டும் அவர்களால் எரிக்க முடியவில்லை.

மரபை எதிர்க்க அவள் எடுத்த கருவியும் மரபே என்பதைக் கவனியுங்கள். அயலார் சட்டத்தை அவள் காட்டவில்லை. தன் ஊர் மதிக்கும் பழஞ்சொல் ஒன்றையே வாசலில் நிறுத்தினாள்.

அவையோரே, நம் வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களை நினைத்துப் பார்க்கிறேன். பெண்ணுரிமையைப் பற்றி எத்தனையோ கவிதைகள் அரங்கேறின. அவற்றுள் பலவற்றை வாசித்தவர்கள் ஆண்கள். நானும் அவர்களுள் ஒருவன். கைதட்டல் பெற்றோம். ஆனால் நாமும் ஒருவகையில் வெளியிலிருந்து ஓட்டை உடைக்க முயன்றவர்கள் அல்லமோ? அறிவிப்பு விழாக்களை எண்ணிக் கணக்குக் காட்டிய நிறுவனத்தைக் குறைகூறும் நாம், கவிதைகளை எண்ணி மலர் போடுகிறோமே! வாழாவெட்டி என்னும் சொல் நம் வீட்டில் ஒலிக்கும்போது, கவிதை எழுதிய வாய் மறுத்துப் பேசியதா?

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை இவ்விழா மேடையில் வைக்கிறேன். வரும் ஆண்டில் வட்டத்தின் கூட்டங்களுள் ஒன்றையேனும் சகோதரிகளே பொருள் தேர்ந்து, அவர்களே தலைமை ஏற்று, அவர்கள் விரும்பும் மொழியில் நடத்தட்டும். ஆண்களாகிய நாம் கேட்போராக அமர்வோம். மற்றொன்று, பெண்ணைத் தாழ்த்தும் சொற்கள் எவை என்று நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதி வருவோம். அச்சொற்களை எழுத்திலும் பேச்சிலும் ஆளமாட்டோம் என்று எல்லாரும் கூடி முடிவு செய்வோம். தனியொருவராகச் செய்தால் அது துணிவு. கூடிச் செய்தால் அது வழக்கமாகும். தெம்பா ஜவாரா நடந்து சொன்னது இதைத்தான்.

பால் என்பதற்கு ஊழ் என்றும் பொருள், பங்கு என்றும் பொருள் என்று தொடக்கத்தில் சொன்னேன். எப்பொருளில் அதை ஆள்வது என்பது நம் கையில் இருக்கிறது.